நாலாவது கொதி

போன மாதம் ஊட்டியிலிருந்து மூன்று பேர் மஞ்சூருக்கு என் வீட்டைத் தேடி வந்தார்கள். மலையேற்றத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் கம்பெனி ஒன்றைப் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்களாம். கையில் இருந்த டேப்லெட்டில் பாத்திரங்களின் படங்களைக் காட்டினார்கள். டைட்டானியம், ஹார்ட் அனோடைஸ்ட் அலுமினியம், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செட்டு, மடக்குகிற கைப்பிடி, பூப்போல எடை. இருபத்தாறு வருடம் மலையில் சமைத்தவர் நீங்கள், எதை வாங்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நல்ல பிள்ளைகள். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் பாத்திரத்தைப் பற்றி மட்டும் என்னால் எழுத முடியாது என்று தெரிந்தது.

என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். நான் இங்கே பிறந்தவன். எஸ்டேட் வேலை எனக்கு ஒத்துவரவில்லை. குன்னூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போய், காய் நறுக்கி, தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று, ஆறு வருடத்தில் சமையல்காரன் ஆனேன். அங்கே சாப்பிட வந்துகொண்டிருந்த ரெஜினா மேடம்தான் என்னை மலைக்குக் கூப்பிட்டார்.

மேடம் குன்னூரில் கணக்கு டீச்சராக இருந்து வேலையை விட்டவர். நாற்பத்தைந்து வயதில் மலையேற்றக் கம்பெனி ஆரம்பித்தார். அவர் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதன் உத்திரத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று தொங்கும். மூட்டைகளுக்கு அது. சின்னச் சாமான்களுக்கு மேசைமேல் ஒரு எலெக்ட்ரானிக் தராசு. ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் நாங்கள் எல்லாவற்றையும் அங்கே பரப்புவோம். கரண்டி, தட்டு, உப்பு டப்பா வரைக்கும் மேடம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எடையைப் பார்த்து, கறுப்பு மார்க்கரால் அந்தச் சாமானின் அடியிலேயே எழுதிவிடுவார். குரலை உயர்த்திப் பேச மாட்டார். ஒரு பொருள் தேவையில்லை என்று தோன்றினால் அதை மேசையின் இடது ஓரத்துக்கு நகர்த்துவார், அவ்வளவுதான். இடது ஓரத்துக்குப் போனது மலைக்கு வராது. சர்க்கரை டப்பாவின் மூடி ஒருமுறை இடது ஓரத்துக்குப் போனது. அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் வந்தன.

கஞ்சத்தனம் என்று சிலர் பேசினார்கள். அது பொய். ஒரு தடவை எங்கள் சுமைக்காரர் மாரியப்பனின் மூட்டையை மேடம் தானே தூக்கிக்கொண்டு ரோட்டிலிருந்து முகாம் வரைக்கும் நடந்தார். இருபத்து நாலு கிலோ. அதற்கு அப்புறம் இரண்டு நாள் அவரால் படியேற முடியவில்லை. மூன்றாம் நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு, இனிமேல் யார் முதுகிலும் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏறாது என்றார். அந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கம்பெனியிலும் அப்படி ஒரு விதி இல்லை.

மாரியப்பனும் எங்களைப்போலத் திரும்பி வந்த குடும்பம்தான். என்னைவிட நான்கு வயது இளையவர். எமரால்டு ஊர்ப் பக்கம், எஸ்டேட் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் ஒன்றில் மனைவி பார்வதியோடும் மகள் சுகன்யாவோடும் இருந்தார். ஒன்பது வருடம் என் சமையல் மூட்டையை அவர்தான் சுமந்தார். அதில் கிட்டத்தட்டப் பாதி எடை இரண்டு சாமான்களுடையது. ஒன்று ஏழு லிட்டர் அலுமினியச் சட்டி. இன்னொன்று பம்ப் அடித்துப் பற்றவைக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ். மண்ணெண்ணெய் கேன் தனி.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகலமான அடி, தாழ்ந்த உயரம், கனமான மூடி. மலை உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் கொதிக்கிற தண்ணீரில் ஊரில் உள்ள சூடு இருக்காது. பருப்பு வேகவே வேகாது. அரிசியை மூடி போட்டு, மூடிமேல் கல் வைத்து, பொறுமையாக விட வேண்டும். அதற்கு அந்தச் சட்டி சரியாக இருந்தது. ஸ்டவ் இரைச்சல் போடும், கரி பிடிக்கும், மண்ணெண்ணெய் வாடை சோற்றில்கூட ஏறும். ஆனால் எந்தக் குளிரிலும் ஒரே மாதிரி எரியும்.

ஒரு வருடம் புரட்டாசியில் மேடம் புதுச் செட்டு வரவழைத்தார். ஹார்ட் அனோடைஸ்ட் என்கிற கெட்டிப்படுத்திய அலுமினியப் பாத்திரங்கள் இரண்டு. ஒன்று இரண்டு லிட்டர், மற்றது ஒரு லிட்டர். சின்னது பெரியதுக்குள் போகும், காஸ் டப்பா சின்னதுக்குள் போகும், உள்ளங்கை அளவு பர்னர் அதன்மேல் உட்காரும். மொத்தத்தையும் ஒரு கையில் பிடிக்கலாம். மேடம் பழைய சட்டி, ஸ்டவ், கேன் மூன்றையும் கொக்கியில் மாட்டி நிறுத்தார். பிறகு புதுச் செட்டை மேசைத் தராசில் வைத்தார். வித்தியாசம் ஆறு கிலோவுக்கு மேல்.

"தண்ணி அதேதான், அதைக் கொதிக்க வைக்கத் தேவைப்படற சூடும் அதேதான். ரெண்டு மூணு தடவையாப் பிரிச்சு வைக்கப் போறோம், அவ்வளவுதான்" என்றார் மேடம். "ஆனா சமைக்கறவரு நீங்க, ரத்தினம். நீங்க சொல்லுங்க."

உண்மையிலேயே அவர் அந்த முடிவை என்னிடம்தான் விட்டார். அதை நான் எப்போதும் சொல்லி வருகிறேன். எனக்குப் புதுப் பாத்திரம் பிடித்திருந்தது. கரி தேய்க்க வேண்டாம், பம்ப் அடிக்க வேண்டாம். வருகிற விருந்தினர்கள் பார்த்தால் மதிப்பாக இருக்கும் என்ற எண்ணமும் இருந்தது. பழைய சட்டியை நான்தான் கையால் பிடித்து இடது ஓரத்துக்கு நகர்த்தினேன்.

மாரியப்பன் வாசலில் நின்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மேடம் உள்ளே போன பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, அந்தப் பெரிய சட்டி இருக்கட்டுமே. நான்தானே சுமக்கிறேன், எனக்கு ஒன்னும் பாரமில்ல. அதுல வச்சா எல்லாருக்கும் ஒரே நேரத்துல தேத்தண்ணி கெடைக்கும்."

உன் முதுகுக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறோம், நீயே வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன். அவர் திரும்பிப் போய் மூட்டையை இழுத்துக் கட்டினார்.

ஐப்பசியில் ஒரு குழு வந்தது. ஆறு விருந்தினர்கள், எல்லாரும் பெங்களூரில் ஒரே ஆபீஸில் வேலை செய்பவர்கள். வழிகாட்டி ஜோசப். சுமைக்கு மாரியப்பனும் பெள்ளன் என்ற படகர் இனத்தவர் ஒருவரும். நானும் சேர்த்துப் பத்துப் பேர். அப்பர் பவானிக்குப் பக்கத்துப் புல்வெளிகளில் மூன்று நாள். இரண்டு நாள் வெயில் அடித்தது. புதுப் பாத்திரத்தில் நான் மூன்று தடவையாகச் சோறு வடித்தேன். விருந்தினர்கள் முதலில், ஜோசப் அடுத்து, நாங்கள் மூவரும் கடைசி. அப்படித்தான் வழக்கம். பெரிய சட்டி இருந்த காலத்தில் அந்த வழக்கத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஒரே சட்டியிலிருந்து அள்ளும்போது முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இரண்டு நிமிடம்தான் வித்தியாசம்.

மூன்றாம் நாள் காலையில் திரும்பத் தொடங்கியபோது மழை பிடித்தது. மழை என்றால் மேலிருந்து விழுகிற மழை இல்லை. காற்று அதைப் பக்கவாட்டில் கொண்டுவந்து முகத்தில் அறைந்தது. பத்தடி தூரத்தில் இருப்பவர் தெரியவில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடக்க வேண்டிய ஓடையில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. ஜோசப் திரும்பி மேட்டுக்கு ஏறச் சொன்னார். அங்கே ஒரு பெரிய பாறை, பாதி ஆட்களுக்கு ஒதுங்க இடம். அதோடு தார்ப்பாயைக் கட்டி விருந்தினர்களை உள்ளே உட்கார வைத்தோம். தண்ணீர் வடியக் காத்திருப்பது என்று முடிவாயிற்று.

ஏறி வரும்போது ஒரு விருந்தினர் தன் பையை ஓடைக்கரையிலேயே விட்டுவிட்டார். மாரியப்பன் அதை எடுக்கத் திரும்பிப் போனார். தன் மூட்டையை இறக்கிவிட்டு மறுபடி இறங்கி, மறுபடி ஏறி வந்தார். வரும்போது உள்ளே வேர்வை, வெளியே மழை. பருத்திச் சட்டை, நூல் ஸ்வெட்டர், தலையில் உரச் சாக்கு. பாறைக்கு அடியில் இடம் இல்லாததால் அதன் மறுபக்கத்தில், காற்றுப் படுகிற பக்கத்தில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். பெள்ளன் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

நான் பர்னரைப் பற்றவைத்தேன். முதல் கொதி நன்றாகத்தான் வந்தது. பெரிய குவளைகள், நான்கு பேருக்குச் சரியாக இருந்தது. நான்கு விருந்தினர்கள் குடித்தார்கள். இரண்டாவது கொதி மெதுவாக வந்தது. காஸ் டப்பாவின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. குளிரில் அந்த டப்பாவுக்குள் காஸின் அழுத்தம் விழுந்துவிடும், எரிய எரிய அது தன்னைத்தானே இன்னும் குளிர வைத்துக்கொள்ளும். இதை எனக்குக் காஸ் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டில் பர்னரைச் சோதித்தபோது அதை நான் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது கொதியில் மற்ற இரண்டு விருந்தினர்கள் குடித்தார்கள். மீதியை ஒரு பாட்டிலில் ஊற்றி, ரொம்ப நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சட்டைக்குள் வைத்தோம்.

மூன்றாவது கொதிக்குத் தண்ணீர் வைக்கும்போது நான் பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மாரியப்பன் நடுங்கவில்லை. அதற்கு முன்னால் பற்கள் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தவர் இப்போது அமைதியாக இருந்தார். உடம்பு சூடு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல்களால் தடவிக்கொண்டிருந்தார். ஈரச் சட்டையை மாற்றப் போகிறார் என்று நினைத்தேன். தேத்தண்ணி இதோ வருகிறது என்றேன். அவர் ஏதோ சொன்னார். குடித்தவர் பேச்சுப்போல நாக்கு தடித்திருந்தது, எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் குனியவும் இல்லை.

திரும்பி வந்தபோது ஜோசப், விருந்தினர்களுக்குக் காலையிலிருந்து ஒன்றும் வயிற்றில் போகவில்லை, இந்தத் தண்ணீரில் நூடுல்ஸ் போட்டுவிடுங்கள் என்றார். மாரியப்பனுக்கு முதலில் கொடுத்துவிடலாம் என்ற வார்த்தை என் வாய்வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் விடவில்லை. பதினாலு வருடமாக முதலில் விருந்தினர், கடைசியில் நாங்கள் என்று கை பழகியிருந்தது. கை பாட்டுக்கு நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தது.

நாலாவது கொதி கொதிக்கவே இல்லை. சுடர் நீல மொட்டாகச் சுருங்கிவிட்டது. டப்பாவை எடுத்து அக்குளில் வைத்துச் சூடேற்றி, மறுபடி மாட்டி, மறுபடி எடுத்து, கடைசியில் ஆவி பறக்கிற அளவுக்கு ஒரு குவளைத் தண்ணீர் தேறியது. அதில் தேயிலையும் சர்க்கரையும் நிறையப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பெள்ளன் அவரைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். "எழுப்பறேன், எந்திரிக்க மாட்டேங்கறாரு" என்றார். குவளையை வாயில் வைத்தேன். தேநீர் உதட்டைத் தாண்டவில்லை. தாடையில் வழிந்து கழுத்தில் இறங்கியது. கண் பாதி திறந்திருந்தது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உடைகளைப் போர்த்தினோம், மாறி மாறிக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தோம், கையைத் தேய்த்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். ஐந்தரைக்கு ஓடை வடிந்தது.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அது பொய்யென்று சொல்ல மாட்டேன், கடைசியில் நின்றது இதயமாகத்தான் இருக்கும். ஜோசப் அதையே எல்லாரிடமும் சொன்னார். நான் மேடத்திடம் மட்டும் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அதே ஷெட்டில், அதே மேசைக்கு முன்னால். கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"மாரியப்பனுக்கு எத்தனாவது கொதி?"

"நாலாவதுங்க, மேடம்."

அவர் எழுந்து உத்திரத்துக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தண்ணி அதேதான்னு சொன்னேன். யார் கடைசின்னு கேக்கவே இல்லை" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு பெரிய சட்டியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் திரும்ப வந்தன. சுமைக்காரருக்கு முதல் குவளை என்று மேடம் ஒரு விதி போட்டார். இரண்டு சீசன் அது நடந்தது. விருந்தினர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், வழிகாட்டிகள் முணுமுணுத்தார்கள், சுமைக்காரர்களே கூச்சப்பட்டு நீங்கள் முதலில் குடியுங்கள் என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாவது சீசனில் யாரும் சொல்லாமலே பழையபடி ஆகிவிட்டது. பழையபடி ஆவதை நானும் தடுக்கவில்லை. சுகன்யாவின் படிப்புச் செலவை மேடம் கடைசிவரை ஏற்றுக்கொண்டார். பிறகு கம்பெனியைக் கைமாற்றிவிட்டு மகனோடு வெளியூர் போனார். புது முதலாளியிடமும் நான் வேலை பார்த்தேன். எனக்கு வேறு வேலை தெரியாது.

மாரியப்பனின் உடலைக் கொண்டுபோன அன்று பார்வதி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கடைசியில ஏதாச்சும் சூடாக் குடிச்சாரா, அண்ணே?"

"குடிச்சாரும்மா. ஒரு குவளை தேத்தண்ணி முழுசாக் குடிச்சாரு" என்றேன்.

அந்தப் பதிலைக் கொடுக்க எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எமரால்டு பஸ்ஸில் பார்த்தால், சந்தையில் பார்த்தால், பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் காட்டி, எங்க ஊட்டுக்காரருக்குக் கடைசித் தேத்தண்ணி குடுத்தவரு இவருதான் என்பாள். முகத்தில் ஒரு நிம்மதியோடு சொல்வாள். நான் தலையாட்டுவேன். அவள் ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போகப் பழகிக்கொண்டேன்.

சுகன்யா கோயம்புத்தூரில் நர்சிங் படித்தாள். கடைசி வருடம் லீவில் வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். என் மனைவி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துப் பேசினாள்.

"மாமா, அவ்வளவு குளுந்துபோன உடம்பு முழுங்காது. எங்களுக்குப் பாடத்துலயே வருது. அப்பா எதுவும் குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்."

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மா இருக்கற வரைக்கும் அப்பா குடிச்சாருன்னே சொல்லுங்க" என்றாள்.

அப்படியே சொன்னேன். எட்டு வருடம் சொன்னேன். இந்தத் தை மாதம் பார்வதி போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சுகன்யா கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளோடு நடந்தேன். இனிமேல் மறைக்க ஆளில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். மூன்றாவது கொதியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். அவள் அப்பா பொத்தானைத் தடவியதைப் பார்த்தேன் என்றும், பார்த்துவிட்டு வந்துதான் அந்தத் தண்ணீரில் நூடுல்ஸ் போட்டேன் என்றும் சொன்னேன்.

சுகன்யா தன் பையைத் தரையில் வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"பொத்தானைக் கழட்டும்போது அவருக்குக் குடுத்திருந்தா முழுங்கியிருப்பாரு, மாமா" என்றாள். ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னாள். "குளிர் முத்திப்போனா உடம்பு சுடற மாதிரி தோணி அப்படித்தான் துணியைக் கழட்டுவாங்க. ஆனா அந்த நேரத்துல இன்னும் முழுங்க முடியும்."

பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

ஊட்டிப் பிள்ளைகளுக்கு நான் எழுத வேண்டியது இதுதான். எடை குறைந்த பாத்திரம் நல்லது, வாங்குங்கள். அகலமான அடி, தாழ்ந்த உயரம், இறுக்கமான மூடி உள்ளதாகப் பாருங்கள். குளிர் காலத்துக்கு என்று தனியாக வருகிற காஸ் வாங்குங்கள், ஒரு டப்பா கூடவே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேருக்கும் ஒரே கொதியில் போதுமா என்று வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். போதாது என்றால் அந்தப் பாத்திரம் வேண்டாம். இதையெல்லாம் நீங்கள் செய்வீர்கள், எனக்குத் தெரியும். இவ்வளவையும் செய்த பிறகும் மழையில் அடுப்புக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் கையில் குவளையைக் கொடுத்து, முதலில் யாருக்கு என்று கேட்டால் அவன் கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.